இலவச இருக்கையின் விலை 1,222 ரூபாய்

திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்திலிருந்து ஒரு பெண் சென்னைப் பக்கம் போய், தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றின் படப்பிடிப்பில் பார்வையாளராக உட்கார்ந்து, சிரித்து, கைதட்டி, வீடு திரும்ப ஆகும் செலவு 1,222 ரூபாய். நுழைவுக் கட்டணம் கிடையாது. கணக்கேட்டில் அந்த ஒரு வரியில்தான் பூஜ்யம். மற்ற எல்லா வரியிலும் எண் ஏறிக்கொண்டே போகிறது. 2023 செப்டம்பர் 15 முதல் வரும் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஒரு நாள் போய்ச் சிரித்துவிட்டு வர அந்த ஒரு மாதத் தொகை போதாது, மேலும் 222 ரூபாய் வேண்டும்.

கணக்கை வரிசையாகவே வைக்கிறேன். சரிபார்க்க நினைப்பவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆலங்காயம் – வாணியம்பாடி, ஏறத்தாழ 20 கி.மீ., கிலோமீட்டருக்கு 58 காசு: ரூ. 11.60
வாணியம்பாடி – பூந்தமல்லி, ஏறத்தாழ 180 கி.மீ., எக்ஸ்பிரஸ் பஸ், கிலோமீட்டருக்கு 75 காசு: ரூ. 135.00
போக மட்டும்: ரூ. 146.60
போக வர: ரூ. 293.20, டோல்கேட், சில்லறை சேர்த்து ரூ. 300
ஸ்டுடியோ வாசலுக்குப் போக வர ஷேர் ஆட்டோ: ரூ. 50
காலை டிபன், மதியச் சாப்பாடு, இரண்டு டீ, ராத்திரிச் சாப்பாடு: ரூ. 200
இழந்த கூலி, நாளுக்கு ரூ. 336 வீதம் 2 நாள்: ரூ. 672
ஆக மொத்தம்: ரூ. 1,222

58 காசும் 75 காசும் 2018 ஜனவரியில் கட்டணத்தை ஏற்றி, எதிர்ப்புக்குப் பின் கொஞ்சம் குறைத்தபோது அரசு நிர்ணயித்தவை. 336 ரூபாய் என்பது 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலி. எங்கள் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களின் ஒரு நாள் வருமானம் கம்பெனிக்குக் கம்பெனி, ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் எல்லாருக்கும் பொதுவான, குறைந்தபட்சமான ஓர் எண்ணை எடுத்துக்கொண்டேன். சாப்பாடும் ஆட்டோவும் என் மதிப்பீடு. வீட்டிலிருந்து புளிசோறு கட்டிக்கொண்டு போனால் நூறு ரூபாய் மிச்சமாகும். வாணியம்பாடி வரை டவுன் பஸ் கிடைத்தால், 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அதில் கட்டணம் இல்லை என்பதால், இன்னும் 23 ரூபாய் 20 காசு மிச்சம். ரயிலில் போகலாமே என்பார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் வாணியம்பாடியில் நிற்கும், முன்பதிவில்லா டிக்கெட்டும் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் அது சென்ட்ரலில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து மறுபடி மேற்கே பூந்தமல்லிக்குத் திரும்பி வர வேண்டும். மாலையில் அதே ரயில் சென்னையை விட்டுக் கிளம்புவது 6 மணியை ஒட்டி. அந்த நேரத்தில் ஸ்டுடியோவில் பாதி வேலைகூட முடிந்திருக்காது.

பூந்தமல்லியை எல்லையாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பெரிய அரங்குகள் பல அந்தப் பக்கம்தான். பிக் பாஸ் வீடு போட்ட ஈ.வி.பி. பிலிம் சிட்டி செம்பரம்பாக்கத்தில், பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று தோல் பட்டறை ஊர்களைக் கடந்து வரும் பஸ் அந்த வாசலைத் தாண்டித்தான் சென்னைக்குள் நுழையும். ஆகவே தூரத்தில் நான் சலுகை காட்டித்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். வளசரவாக்கம், கோடம்பாக்கம் என்று உள்ளே போகப் போகச் செலவு கூடும்.

இரண்டு நாள் கூலி எதற்கு, படப்பிடிப்பு ஒரு நாள்தானே என்று கேட்பவர்கள் நேரக் கணக்கைப் பார்க்க வேண்டும். காலை 5 மணிக்கு ஆலங்காயத்தில் பஸ் ஏறினால் பத்தரை வாக்கில் பூந்தமல்லி. 11 மணிக்கு உள்ளே வரச் சொல்லியிருப்பார்கள். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, வரிசையில் நிறுத்தி, உட்காரவைத்து, விளக்கைச் சரிசெய்து முதல் காட்சி எடுக்கும்போது மதியம் ஆகிவிடும். ஒரே நாளில் இரண்டு வாரத்துக்கான பகுதிகளை எடுத்துவிடுவது இங்கே வழக்கம். முடியும்போது இரவு 9 என்று வைத்துக்கொள்வோம், அதுவும் நல்ல நாளாக இருந்தால். பஸ் பிடித்து வாணியம்பாடியில் இறங்கும்போது இரவு 2 மணி. ஆலங்காயத்துக்குக் கடைசி பஸ் போய் வெகுநேரம் ஆகியிருக்கும். விடிகாலை முதல் பஸ் வரை பஸ் நிலையத்து பெஞ்சுதான். வீட்டுக் கதவைத் தட்டும்போது மறுநாள் காலை 5 மணி தாண்டிவிடும். அன்றைக்கு வேலைக்கு யார் போக முடியும்?

24 மணி நேரம் என்றால் 1,440 நிமிடம். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரத்துக்கும் சானலின் சொந்த அறிவிப்புகளுக்கும் 12 நிமிடம் என்பது கேபிள் தொலைக்காட்சி விதி. மிஞ்சுவது 48 நிமிடம், இரண்டு பகுதிக்கு 96. 1,440ஐ 96ஆல் வகுத்தால் 15. வீட்டில் நாம் பார்க்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஆலங்காயத்துப் பெண் தன் வாழ்நாளில் 15 நிமிடம் கொடுத்திருக்கிறாள். அந்தப் பதினைந்தில் பெரும்பகுதி சிரித்த நேரம் அல்ல. பஸ்ஸிலும் வரிசையிலும் இருட்டிலும் காத்திருந்த நேரம்.

அதே நிகழ்ச்சியை வீட்டில் பார்க்க என்ன ஆகும்? 2019இல் புதிய கட்டண முறை வந்தபோது சன் டிவி மாதம் 19 ரூபாய், விஜய் டிவி 17 ரூபாய் என்று விலை வைத்தார்கள். அடிப்படைக் கட்டணம் எல்லா வீட்டிலும் எப்படியும் கட்டுகிறோம், அதை விட்டுவிடுவோம். 17 ரூபாயோடு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் மாதம் 20 ரூபாய் 6 காசு, ஆண்டுக்கு 240 ரூபாய் 72 காசு. நேரில் ஒரு முறை போய்வரும் 1,222 ரூபாயில், அந்த விலைப்படி, அந்தச் சானலை ஐந்து ஆண்டு வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

இருந்தும் போகிறார்கள். போகத்தான் வேண்டும் என்பது என் கட்சி. நேரில் பார்க்கும் நகைச்சுவைக்கு ஈடாகப் பெட்டியில் எதுவும் வராது. வசனத்தை மறந்து நடிகர் திணறுவது, எதிரில் நிற்பவர் சிரிப்பை அடக்கப் பாடுபடுவது, மூன்றாவது டேக்கில் எழுதாத ஒரு வரி வாய்தவறி வந்து அரங்கமே அதிர்வது எல்லாம் எடிட்டிங்கில் போய்விடும். வரவுப் பத்தியில் அவற்றை எழுத எண் கிடையாது. அதற்காகச் செலவுப் பத்தியை யாரும் மறைத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை கணக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஒரு படப்பிடிப்பில், மேடையில் யாரும் வருவதற்கு முன்பே பார்வையாளரை எடுத்து முடித்துவிட்டார்கள். தளத்தைக் கவனிக்கும் தம்பி முன்னால் வந்து நின்று, “சின்னதா கைதட்டுங்க, இப்போ பெருசா, இப்போ எழுந்து நின்னு” என்றார். பிறகு சிரிப்பு. சாதாரணச் சிரிப்பு, விழுந்து விழுந்து சிரிப்பது, பக்கத்தில் இருப்பவரைத் தட்டிச் சிரிப்பது. மேலே ஜிம்மி ஜிப் கேமரா வட்டமடித்துப் பதிவு செய்துகொண்டது. ஜோக் எதுவும் அதுவரை சொல்லப்படவில்லை. பளிச்சென்று கலர்ச் சேலை கட்டியவர்களை முன்வரிசைக்கு நகர்த்தினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்களும் நெருக்கமான கோடு போட்ட உடுப்புக்காரர்களும் பின்னால் போனார்கள். கேமராவுக்கு அவை ஆகாது என்பது தொழில் காரணம், நியாயமானதுதான். ஆனால் இருக்கும் ஒரே நல்ல உடுப்பு வெள்ளை என்பதால் அதைப் போட்டுக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்ததையும் பார்த்தேன்.

எனக்குப் பக்கத்தில் ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண். ஒரே ஜோக்கை நான்கு முறை எடுத்தார்கள். முதல் முறை அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டாம் முறை புன்னகை. மூன்றாம் முறை, “சவுண்ட் பத்தலை, முதல்ல சிரிச்ச மாதிரியே சிரிங்க” என்று மைக்கில் குரல் வந்ததும் என் பக்கம் திரும்பினாள். “கம்பெனியில டார்கெட் பீஸ் முடிஞ்சா எழுந்துக்கலாம்க்கா. இங்க டார்கெட் எவ்வளவுன்னே சொல்ல மாட்டேங்கிறாங்க” என்றாள். ஏ.சி. குளிருக்குத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு நான்காம் முறையும் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு. கடைசியில் எதைப் போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. மூன்றாம் டேக்கின் படத்தோடு முதல் டேக்கின் சிரிப்பை ஒட்டுவது எடிட்டிங் மேசையில் சாதாரணமாக நடக்கும் வேலை.

பார்வையாளரை உட்காரவைத்து நகைச்சுவைத் தொடர் எடுக்கும் முறைக்கு அமெரிக்காவில் எழுபது ஆண்டுக்கு மேல் வயதாகிறது. 1951இல் ‘ஐ லவ் லூசி’ தொடரை லூசில் பாலும் அவர் கணவர் டெசி ஆர்னாஸும் ஹாலிவுட்டில் தொடங்கினார்கள். ஏறத்தாழ 300 பேரை எதிரில் உட்காரவைத்து, மூன்று 35 எம்.எம். பிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்தார்கள். ஒளிப்பதிவுக்குப் பொறுப்பேற்றவர் ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய கலைஞர் கார்ல் ஃபிராய்ண்ட். மூன்று கேமராவுக்கும் பொருந்தும்படி மேலிருந்தே சீராக விளக்கு அமைத்தது அவர் கைவண்ணம்.

அந்தத் தொடரின் முதல் படப்பிடிப்பு 1951 செப்டம்பர் 8. வந்தவர்கள் உட்கார்ந்துவிட்ட நேரத்தில் சுகாதாரத் துறை ஆள் ஒருவர் குறுக்கே நின்றார். பார்வையாளருக்குக் குறிப்பிட்ட தூரத்துக்குள் ஆண்களுக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்கு ஒரு கழிப்பறை இருக்க வேண்டும், இல்லையேல் அனுமதி கிடையாது என்றார். ஆண்களுக்கு இருந்தது. பெண்களுக்கு இல்லை. லூசில் பால் தன் ஒப்பனை அறையோடு சேர்ந்த கழிப்பறையைப் பெண் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடச் சொன்னார். அதன் பிறகே கேமரா ஓடியது. டெசி ஆர்னாஸ் தன் வாழ்க்கை வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தொலைக்காட்சி வரலாற்றில் இந்தச் சம்பவத்துக்கு மூன்று கேமராவுக்குச் சமமான இடம் உண்டு என்று நினைக்கிறேன். நாள் முழுக்க உட்காரவைக்கப்படும் 200 பேரில் பாதி பெண்கள் என்றால் 100 பேர். ஒரே ஒரு கழிப்பறை, ஆளுக்கு 3 நிமிடம் என்றால் 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம். இடைவேளை விடுவது அரை மணி நேரம். ஊரிலிருந்து வரும் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதன் காரணம் இந்தப் பெருக்கல் கணக்கில் இருக்கிறது.

கூட்டத்தைச் சேர்க்கச் செலவு, தொல்லை என்றால் பதிவுசெய்த சிரிப்பு ஒரு பெட்டியில் கிடைக்கும். சி.பி.எஸ். நிறுவனத்தின் ஒலிப் பொறியாளர் சார்லஸ் டக்ளஸ் 1950களில் அந்தப் பெட்டியை உருவாக்கினார். தட்டச்சு இயந்திரம்போல விசைகள், உள்ளே 32 நாடாச் சுருள்கள், ஒவ்வொன்றிலும் 10 சிரிப்பு, ஆக 320 சிரிப்பு என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் விசையை அழுத்தினால் போதும். பஸ் கட்டணமும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். இத்தனை வசதி வந்த பிறகும் அமெரிக்கர்கள் ஆட்களை அழைப்பதை விடவில்லை. 1982 முதல் 1993 வரை 275 பகுதிகள் ஓடிய ‘சியர்ஸ்’ தொடரில், இது பார்வையாளர் முன்னிலையில் எடுக்கப்பட்டது என்று நடிகர்களே தொடக்கத்தில் அறிவிக்க வேண்டியதாயிற்று. சிரிப்பு பெட்டியிலிருந்து வருகிறது என்று நேயர்கள் குறைசொன்னதுதான் காரணம். உண்மையான சிரிப்புக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1994 முதல் 2004 வரை 236 பகுதிகள். பர்பேங்க் நகரில் வார்னர் பிரதர்ஸ் அரங்கில் ஏறத்தாழ 300 பேர் முன்னிலையில் எடுத்தார்கள். 22 நிமிடப் பகுதிக்கு 5, 6 மணி நேரம், சில நாட்களில் அதற்கும் மேல். 300 பேர், 6 மணி நேரம் என்றால் 1,800 ஆள்மணி. ஒரு பகுதிக்கு ரசிகர்கள் இலவசமாகக் கொடுத்த உழைப்பு அது. அங்கேயும் டிக்கெட் இலவசம். இருக்கைகளைவிட அதிகமான டிக்கெட் கொடுப்பார்கள், வராதவர்கள் இருப்பார்கள் என்ற கணக்கில். பி.பி.சி.யிலும் இதே நடைமுறைதான். கையில் டிக்கெட்டோடு வந்தவர் வாசலிலிருந்து திரும்பிப் போக வேண்டியும் வரலாம். ஆனால் அது டிக்கெட்டிலேயே எழுதியிருக்கும். நேரம் நீண்டால் தண்ணீரும் பீட்சாவும் கொடுப்பது அமெரிக்க அரங்குகளில் பழக்கம். இடையிடையே கூட்டத்தைச் சோர்வடைய விடாமல் பேசிக்கொண்டே இருக்க ஒரு நகைச்சுவைக் கலைஞரைச் சம்பளத்துக்கு வைத்திருப்பார்கள். பார்வையாளருக்கென்று ஒதுக்கும் செலவு அங்கே பட்ஜெட்டில் ஓர் இனம்.

நம்மிடம் சிட்காம் என்னும் நகைச்சுவைத் தொடர் வேறு பாதையில் போனது. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் வந்தது. கே. பாலசந்தரின் நிறுவனம் தயாரித்த ‘ரமணி vs ரமணி’, சன் டிவியின் ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ போன்ற குடும்ப நகைச்சுவைத் தொடர்கள் மற்ற தொடர்களைப் போலவே வீடுகளில், கூட்டம் இல்லாமல் எடுக்கப்பட்டன. பார்வையாளர் எதிரில் உட்கார்ந்து சிரிக்கும் வேலை நமக்கு வந்து சேர்ந்தது நகைச்சுவைப் போட்டிகளிலும் பட்டிமன்றத்திலும் பேச்சரங்கத்திலும். 2005இல் விஜய் டிவியில் தொடங்கிய ‘கலக்கப்போவது யாரு’, பிறகு சன் டிவியில் வந்த ‘அசத்தப்போவது யாரு’ ஆகியவை இந்த வகையின் பெரிய பெயர்கள். சிவகார்த்திகேயனும் ரோபோ சங்கரும் மதுரை முத்துவும் அறிமுகமானது அந்த மேடைகளில்தான். மிமிக்ரி செய்பவரின் குரல் சரியாக விழுந்ததா என்பதை அந்த நொடியிலேயே சொன்னவர்கள் எதிரில் இருந்த பெயர் தெரியாத கூட்டத்தார். நடுவர் மதிப்பெண் போடுவதற்கு முன்பே அவர்கள் போட்டுவிட்டார்கள்.

ஆனால் ரேட்டிங் கணக்கில் அவர்களுக்கு இடமில்லை. நாடு முழுக்க 50,000க்கு மேற்பட்ட வீடுகளில் ‘பார்க்’ அமைப்பு வைத்திருக்கும் மீட்டர்களே எது ஓடியது, எது ஓடவில்லை என்று சொல்கின்றன. அரங்கில் நாள் முழுக்கச் சிரித்தவரின் சிரிப்பு அந்த மீட்டரில் ஒரு புள்ளியும் ஏற்றாது.

எங்கள் வட ஆற்காட்டுப் பகுதிக்கு நேரில் பார்த்துச் சிரிப்பது புதிதல்ல. தெருக்கூத்தின் தாய்வீடு இது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து நின்றால், எதிரில் உட்கார்ந்திருப்பவரின் பெயரையே வசனத்தில் இழுத்துவிடுவான். எந்த ஜோக் எடுபடுகிறது என்று பார்த்துப் பார்த்தே நீட்டுவான், குறைப்பான். விலை என்ன? குழுவுக்கு 30,000 ரூபாய் பேசி, 300 தலைக்கட்டு வரி போட்டால் வீட்டுக்கு 100. வீட்டுக்கு நாலு பேர் என்றால் ஆளுக்கு 25. ராத்திரி 10 மணிக்குத் தொடங்கி விடியும்வரை 8 மணி நேரம் என்றால் ஒரு மணி நேரச் சிரிப்புக்கு 3 ரூபாய் 12 காசு. ஸ்டுடியோவில் 10 மணி நேரம் இருந்ததற்கு 1,222 ரூபாய், மணிக்கு 122 ரூபாய் 20 காசு. ஏறத்தாழ 40 மடங்கு. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது வெளிப்படை. கூத்து ஊருக்கு வருகிறது. ஸ்டுடியோவுக்கு ஊர் போகிறது.

பார்வையாளரின் செலவைச் சானல்களே ஏற்கலாமே என்றால், சானல்காரர்களால் அதைத் தாங்க முடியாது என்று சொல்வார்கள். அதையும் வகுத்துப் பார்த்துவிடலாம். அந்த 12 நிமிடத்தில் வணிக விளம்பரத்துக்கு 10 நிமிடம். 10 வினாடி ஒரு துண்டு என்றால் ஒரு பகுதிக்கு 60 துண்டு, இரண்டு பகுதிக்கு 120. அரங்கில் 200 பேர், எல்லாருமே ஆலங்காயத் தூரத்திலிருந்து வருகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பஸ், ஆட்டோ, சாப்பாடு மட்டும் ஆளுக்கு 550, ஆக 1,10,000 ரூபாய். அதை 120ஆல் வகுத்தால் ஒரு துண்டுக்கு 917 ரூபாய். இழந்த கூலியையும் சேர்த்துக் கொடுத்தால் 2,44,400, துண்டுக்கு 2,037 ரூபாய். உண்மையில் பெரும்பாலோர் சென்னைக்குள்ளேயே இருந்து வருகிறவர்கள் என்பதால் இது மிக மிக உயர்த்திப் போட்ட கணக்கு. முன்னணிச் சானலின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு இது பெரிய பாரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்கும் மனமில்லையென்றால் ஒரு பஸ் அனுப்பலாம். 50 இருக்கை பஸ், போக வர 400 கி.மீ., கிலோமீட்டருக்கு 50 ரூபாய் என்று பேசினால் 20,000. ஆளுக்கு 400 ரூபாய். தனித்தனியாகப் போனால் பஸ்ஸும் ஆட்டோவும் 350தான், 50 ரூபாய் குறைவு. ஆனால் இந்த பஸ் இரவு 9 மணிக்குக் கிளம்பினால் ஒன்றரைக்குள் ஆலங்காயம் கடைத்தெருவிலேயே இறக்கிவிடும். வாணியம்பாடி பஸ் நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. மறுநாள் கொஞ்சம் தூங்கி எழுந்து வேலைக்குப் போய்விடலாம், ஒரு நாள் கூலி 336 தப்பும். நிகர மிச்சம் ஆளுக்கு 286 ரூபாய், 50 பேருக்கு 14,300. நடு இரவில் பெண்கள் பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார வேண்டாம் என்பதற்கு நான் ரூபாய் போடவில்லை. போட்டிருந்தால் இந்தக் கணக்கில் அதுதான் பெரிய வரியாக இருந்திருக்கும்.

இன்னொரு வழி ஏற்கெனவே செய்து பார்த்த வழி. விசு நடத்திய ‘அரட்டை அரங்கம்’ சென்னையில் ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எடுக்கப்பட்ட நிகழ்ச்சி அல்ல. ஊர் ஊராகப் போனது. அந்தந்த ஊர் மண்டபத்தில் அந்தந்த ஊர்க்காரர்கள் பேசினார்கள், அழுதார்கள், சிரித்தார்கள். 200 பேர் 400 கி.மீ. பயணம் செய்தால் 80,000 ஆள்-கிலோமீட்டர். நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் எல்லாம் சேர்த்து 60 பேர் வந்து போனால் 24,000. பயணம் முக்கால் பங்குக்கு மேல் குறைகிறது என்று சொல்ல வந்தேன், சரியாகச் சொன்னால் 70 சதவீதம். ஆலங்காயத்துப் பெண்ணுக்கு வாணியம்பாடி வரை போக வர 23 ரூபாய் 20 காசு, டவுன் பஸ் என்றால் அதுவும் இல்லை. ராத்திரி 9 மணிக்கு முடித்தால் பத்து மணிக்கு வீட்டில் சோறு சாப்பிடலாம்.

நான்கு சுவர் செட் போட்டு எடுக்கும் சிட்காமை இப்படித் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். செட், விளக்குக் கட்டமைப்பு, ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்தால் செலவு எங்கேயோ போய்விடும். தனிக் கலைஞர் மைக் முன் நின்று செய்யும் நகைச்சுவைக்கும், பட்டிமன்றத்துக்கும், மிமிக்ரிப் போட்டிக்கும் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு மேடை, நாலு கேமரா, நல்ல ஒலிப்பதிவு போதும். எங்கள் ஊரைத் தாண்டி ஜவ்வாது மலையேறினால் காவலூர் வானாய்வகம். 2.3 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை 1986இல் அங்கே திறந்தார்கள். அதற்குத் தேவையான இருட்டு மலையில்தான் இருந்தது, எனவே கண்ணாடி மலைக்குப் போனது. நகைச்சுவைக்குத் தேவையான சிரிப்பு வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் திருப்பத்தூரிலும் நிறைய இருக்கிறது. நாலு கேமரா அதைத் தேடி வரலாம்.

2019 நவம்பர் 28 முதல் நாங்கள் திருப்பத்தூர் மாவட்டம். புது மாவட்டத்துக்குக் கலெக்டர் அலுவலகம் வந்தது. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியை எடுக்கத் தகுந்த, ஒலி அடங்கிய பொது அரங்கம் ஒன்றும் வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசை இல்லை.

அதுவரை, படப்பிடிப்புக்கு ஆள் சேர்க்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் சானல்களுக்கும் ஒரு வேண்டுகோள். அழைக்கும்போது தொடங்கும் நேரத்தைச் சொல்கிறீர்கள், முடியும் நேரத்தையும் சொல்லுங்கள். மதியச் சாப்பாடு உண்டா இல்லையா, பெண்களுக்கு எத்தனை கழிப்பறை, இரவு எட்டைத் தாண்டினால் வெளியூர்க்காரர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதை எழுத்தில் கொடுங்கள். போகிறவர்கள் இந்த நான்கையும் கேட்டுவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள். பதில் வராத இடத்துக்கு 1,222 ரூபாய் செலவழித்துப் போக வேண்டாம்.